மூன்றாவது இழுப்பு

இது நடந்தது. நம்ப மாட்டேன் என்பவர்களோடு ஹஸ்னா பானு வாதாடுவதில்லை. கடையநல்லூரில்தான் இருக்கிறாள். இடது குதிகாலில் அரைவட்டமாக ஒரு தழும்பு. "சென்சார் கோளாறா இருக்கும்" என்று மட்டும் அவளிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த வண்டியில் சென்சார்களைப் பொருத்தியவளே அவள்தான்.

சங்கரன்கோவிலில் இருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் ஒரு மூடிய நூல் மில் இருக்கிறது. அதன் குடோனையும் பின்னாலிருக்கும் பெரிய மைதானத்தையும் ஒரு சென்னைக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. டிரைவர் இல்லாமல் ஓடும் டிரெய்லர் லாரியை அங்கே பழக்கினார்கள். பழகி முடித்ததும் அது தூத்துக்குடியில் ஒரு கண்டெய்னர் யார்டுக்குப் போக வேண்டும்.

டிரெய்லர் லாரியில் டிரைவர் உட்காரும் முன்பாகத்துக்கு ஹெட் என்று பெயர். யார்டில் ஹெட் ஓய்ந்து நிற்காது. ஒரு டிரெய்லரைக் கொண்டுபோய் குடோன் வாசலில் ஒட்டினாற்போல நிறுத்திவிட்டு, கழற்றிக்கொண்டு, அடுத்ததை மாட்ட வரும். மாட்டுவதற்கு ஹெட் பின்னோக்கி வந்து டிரெய்லரின் மூக்குக்கு அடியில் நுழையும். டிரெய்லரின் அடியில் தொங்கும் தடித்த இரும்பு முளை, ஹெட்டின் முதுகில் இருக்கும் பூட்டுக்குள் 'டடக்' என்று விழும். ஆனால் பூட்டு விழும் முன்பே வண்டியைப் பாதியில் நிறுத்தி, ஓர் ஆள் இரண்டுக்கும் நடுவே ஏறி நின்று, பிரேக்குக்கான காற்றுக் குழாய்களை மாட்டுவார்.

அந்த இடுக்கில்தான் ஆட்கள் நசுங்கிச் சாவார்கள்.

இனி அங்கே ஆளே நிற்க வேண்டாம், குழாயை ஓர் இயந்திரக் கை மாட்டட்டும் என்பதுதான் கம்பெனியின் திட்டம். ஹஸ்னா அதற்காகவே சென்னையை விட்டு வந்தாள். காலையில் கடையநல்லூரில் ரயில் ஏறுவாள், சாயங்காலம் திரும்பிவிடுவாள். முப்பது வயது. வெயிலில் தலைக்கவசமும் மஞ்சள் சட்டையுமாக வண்டிக்குப் பின்னாலேயே நிற்பாள். பயந்த சுபாவம் கிடையாது.

முதலில் வண்டிக்கு யாராவது ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்குக் கோடையில் வந்தவர் மருதப்பன். சிவகிரிக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஹெட்டில் சுற்றிலும் கேமரா இருந்தது. அவர் ஓட்டுவதைப் பார்த்து வண்டி படித்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஓட்டுவதில் ஒரு குறை சொல்ல முடியாது. கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார். ஜன்னலை முழுதாக இறக்கி, பாதி உடம்பை வெளியே சாய்த்து, பின்னால் பார்த்தபடியே ஒற்றைக் கையில் ரிவர்ஸ் எடுப்பார். பூட்டு விழுந்ததும், சரியாகப் பிடித்திருக்கிறதா என்று எல்லா டிரைவரும் ஒரு தடவை முன்னால் இழுத்துப் பார்ப்பார்கள். மருதப்பன் மூன்று தடவை இழுப்பார். முதல் இரண்டும் மெதுவாக. அப்புறம் ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருப்பார். மூன்றாவது, வெட்டி இழுப்பு. டிரெய்லர் முழுக்க அலறும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது.

இடுக்கில் யாராவது நின்றால், பிரேக்கை விட்டு வண்டியை ஒரு சாண் பின்னால் உருட்டுவார். 'உஸ்ஸ்' என்று காற்று போகும். உள்ளே நிற்பவருக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிடும். வண்டி நின்றுவிடும். ஜன்னலில் இருந்து குரல் கேட்கும்.

"சும்மா."

ஒருநாள் ஹஸ்னா உள்ளே நிற்கும்போது அதைச் செய்தார். அவள் கத்தவில்லை. இறங்கி நேராக மேனேஜர் பாண்டியராஜனின் அறைக்குப் போனாள்.

"சார், அவரு இங்க இருந்தா நான் இல்ல."

சாயங்காலமே மருதப்பனுக்குக் கணக்கு முடித்தார்கள். அவள் ரயிலுக்குக் கிளம்பும்போது கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கோபமாகவே தெரியவில்லை. சிரித்தார்.

"வண்டிக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டேன்," என்றார். "ஒன்னையும் சொல்லிக் குடுத்திருக்கேன்."

அவள் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். மறுபடி அவரைப் பார்க்கவில்லை. வைகாசி கடைசியில் புளியங்குடியில், எலுமிச்சை லோடு ஏற்ற நின்றிருந்த லாரியில், ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்தபடி இறந்துகிடந்தார் என்று சொன்னார்கள். மாரடைப்பு. ஹஸ்னாவுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, அவ்வளவுதான். "இன்னாலில்லாஹி" என்று சொல்லிக்கொண்டாள். வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆனி பிறந்தது. ஹெட் தானாக ஓட ஆரம்பித்தது. பேட்டரி வண்டி, இன்ஜின் சத்தமே கிடையாது. சரளைக் கல்லில் டயர் நெரிகிற சத்தம் மட்டும்தான். பக்கத்தில் நிற்க ஆவுடையப்பன் என்று புதிதாக ஒருவரைப் போட்டிருந்தார்கள். வாசுதேவநல்லூர் பக்கத்து ஆள், முன்பு மில்லில் ஃபிட்டராக இருந்தவர். ஏதாவது தப்பாகப் போனால் கையிலிருக்கும் ரிமோட்டை அமுக்கி வண்டியை நிறுத்துவதுதான் அவர் வேலை. மருதப்பனை அவர் பார்த்ததே இல்லை.

ஒருநாள் அவர்தான் கேட்டார்.

"மேடம், இது எதுக்கு மூணு தடவ இழுக்கு?"

ஹஸ்னா திரும்பிப் பார்த்தாள். ஹெட் அப்போதுதான் ஒரு டிரெய்லரை மாட்டியிருந்தது. அடுத்த டிரெய்லரை மாட்டச் சொன்னாள். 'டடக்'. மெதுவாக ஒரு இழுப்பு. மெதுவாக இன்னொன்று. ஒரு மூச்சு நேரம். அப்புறம்...

டிரெய்லர் அலறியது.

"டிரைவர் ஒருத்தர் அப்படித்தான் இழுப்பாரு, அண்ணாச்சி. அவரப் பாத்துப் படிச்சிருக்கு."

"நீங்க லீவுல இருந்தப்ப ஒரு தடவதான இழுத்துச்சு?"

அவள் சோதித்துப் பார்த்தாள். குடோன் சுவருக்குப் பின்னால் மறைந்து நின்றாள். ஹெட் ஒரு தடவை இழுத்தது. வெளியே வந்து நின்றாள். மூன்று தடவை இழுத்தது. திரும்ப மறைந்தாள். ஒன்று. வெளியே வந்தாள். மூன்று.

ஆவுடையப்பன் பீடியை அணைத்தார்.

ஹஸ்னாவுக்கு அன்று ராத்திரியே விளக்கம் கிடைத்துவிட்டது. மருதப்பன் ஓட்டும்போதெல்லாம் அவள் பின்னால் நின்றிருந்தாள். எல்லா ரெக்கார்டிலும் அவள் இருப்பாள். அந்த மஞ்சள் சட்டைக்காரியைக் கண்டால் மருதப்பனைப் போல ஓட்ட வேண்டும் என்று வண்டி தப்பாகப் படித்து வைத்திருக்கிறது. இயந்திரங்கள் இப்படித் தப்பாகப் படிப்பது புதிதில்லை. சென்னையில் வண்டிக்குப் பாடம் ஏற்றும் கோகிலாவிடம் சொன்னால் சரிசெய்துவிடுவாள். வண்டியை வாங்கப்போகும் தூத்துக்குடிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. உள்ளூர் விடுமுறை. ஊர் ஜனம் முழுக்கக் கோவிலைச் சுற்றித்தான். திங்கட்கிழமை தூத்துக்குடிக்காரர்கள் வருகிறார்கள். ஒரே ஒரு டிரெய்லரில் மட்டும் இயந்திரக் கையால் குழாயை மாட்ட முடியவில்லை. முனையில் இருக்கும் ரப்பர் வாஷர் போயிருந்தது. அதை மாற்றிவிட்டால் போதும். ஹஸ்னா ஆவுடையப்பனை மட்டும் வரச் சொன்னாள்.

அன்றைக்குக் காற்று மோசம். மைதானத்துப் புழுதி எழுந்து கண்ணை மறைத்தது. புழுதி போகாமல் இருக்க ஹெட்டின் ஜன்னல் கண்ணாடிகளை அவளே ஏற்றிவிட்டாள்.

ஹெட் அந்த டிரெய்லருக்கு அடியில் பாதி நுழைந்து நின்றது. பூட்டு இன்னும் விழவில்லை. ஹெட்டின் கேபின் சுவருக்கும் டிரெய்லரின் முன்சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. பூட்டு விழுகிற அளவுக்கு வண்டி பின்னால் போனால் அங்கே ஒரு சாண்தான் மிஞ்சும்.

அதனால் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார்கள். மெயின் சுவிட்சை அணைத்தார்கள். அதன் சாவியைக் கழற்றி ஆவுடையப்பன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்தார்கள். ஹஸ்னாவே ஒரு கட்டையைக் காலால் உதைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

பன்னிரண்டரை இருக்கும். நிழல் காலடியில் கிடந்தது. தூரத்தில் எங்கோ மேளம் கேட்டது. பிஸ்மி சொல்லி ஏறினாள்.

வலது பக்கம் இயந்திரக் கை மடங்கி நின்று வழியை அடைத்திருந்தது. வெளியேற இடது பக்கம் மட்டும்தான். பழைய வாஷரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினாள். டிரெய்லரின் மேல் கட்டியிருந்த தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. பட... பட... பட...

நின்றுவிட்டது.

காற்றும் நின்றுவிட்டது. மேளமும் கேட்கவில்லை.

உஸ்ஸ்...

பிரேக்கின் காற்று போகிற சத்தம். மின்சாரம் இல்லாமல் அந்த பிரேக் விடாது.

காலுக்குக் கீழே தகடு நகர்ந்தது. ஒரு சாண். நின்றது.

"அண்ணாச்சி?"

"என்ன மேடம்?" குரல் முன்பக்கத்தில் இருந்து வந்தது.

"வண்டிய அசைச்சீங்களா?"

"சாவி என் பையில கெடக்கு."

சரிவாக இருக்கலாம் என்று நினைத்தாள். காற்று கசிந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் இறங்கிவிடுவது நல்லது. இடது பக்கம் ஓர் அடி வைத்தாள்.

உஸ்ஸ்...

இன்னொரு சாண்.

அவள் நின்றாள். வண்டியும் நின்றது.

முதுகில் டிரெய்லரின் தகடு. முகத்துக்கு நேரே கேபினின் தகடு, கொதித்தது. மெல்லக் காலை மட்டும் நகர்த்தினாள்.

உஸ்ஸ்...

இப்போது ஒரு விரல்கடை அளவு. நின்றது. காத்திருந்தது.

அவள் நகர்ந்தால் நகர்கிறது. நின்றால் நிற்கிறது. விளையாடுகிறது.

"அண்ணாச்சி..." என்றாள். சத்தம் வரவில்லை. நெஞ்சில் தகடு அழுத்தியது.

வெளியே ஆவுடையப்பன் ஓடிவரும் சத்தம். ரிமோட்டைத் திரும்பத் திரும்ப அமுக்கும் சத்தம். டிக்... டிக்... டிக்...

அணைந்து கிடக்கும் வண்டியை எதை வைத்து நிறுத்துவது?

மூச்சை முழுதாக வெளியே விட்டாள். உடம்பு கொஞ்சம் சுருங்கியது. இடது ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே நகர்ந்தாள். தலைக்கவசம் எங்கோ மாட்டி நசுங்கியது. வாரைக் கழற்றி அதை அங்கேயே விட்டாள். விளிம்பு வந்தது. அப்படியே சரிந்து கீழே விழுந்தாள்.

மேலே...

டடக்.

பூட்டு விழுந்துவிட்டது.

தரையில் கிடந்தாள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே. இடது கால் வண்டிக்கு அடியில் இருந்தது. இழுக்கப் பார்த்தாள்.

முதல் இழுப்பு.

பின்சக்கரம் மெதுவாக முன்னால் வந்தது. ஷூவின் குதி விளிம்பில் ஏறி நின்றது.

கால் வரவில்லை.

இரண்டாவது.

இன்னும் கொஞ்சம். குதிகாலில் தீ வைத்தது போல இருந்தது.

நின்றது.

அவளுக்குத் தெரியும். இப்போது ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. அவ்வளவுதான்.

ஷூவின் நாடா முடிச்சுப் போட்டிருந்தது. அவிழவில்லை. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. நாடாவுக்குள் விட்டுக் கிழித்தாள்.

"ஏ பிள்ள, கால எடு... கால எடு..."

ஆவுடையப்பன் அவள் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். தோல் உரிந்துகொண்டு கால் வெளியே வந்தது.

மூன்றாவது.

டிரெய்லர் அலறியது. பிரேக் போட்டு நின்ற நாற்பதடி டிரெய்லர், அப்படியே இரண்டடி முன்னால் வந்தது. ஷூ இருந்த இடத்தில் சக்கரம் நின்றது.

உஸ்ஸ்...

பிறகு எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தார்ப்பாய் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. பட... பட...

இருவரும் தரையில் உட்கார்ந்தே பின்னால் நகர்ந்தார்கள். ஆவுடையப்பன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. அடைக்கட்டைகள் வைத்த இடத்திலேயே இருந்தன. சக்கரங்கள்தான் அவற்றுக்கு அந்தப் பக்கம் நின்றன. கட்டையில் ஒரு டயர்த் தடம்கூட இல்லை.

ஹஸ்னா மெல்லத் தலையைத் தூக்கிக் கேபினைப் பார்த்தாள்.

டிரைவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடி முழுதாக இறங்கியிருந்தது.

ரோடு வரை அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஒரு ஆட்டோவை நிறுத்தினார் ஆவுடையப்பன். தபசுக் கூட்டத்துக்குள் ஆட்டோ ஊர்ந்தது. துண்டைச் சுற்றியிருந்த காலில் இருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் அவர் கேட்டார்.

"மேடம், கடைசியா 'சும்மா'ன்னு சொன்னது நீங்களா?"

அவள் அவரையே பார்த்தாள்.

"இல்லயே அண்ணாச்சி. நான் ஒண்ணும் சொல்லல."

"அப்ப சரி," என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த மைதானத்துக்குள் கால் வைக்கவில்லை. சாவியைக்கூட மறுநாள் வேறொருவர் கையில்தான் கொடுத்தனுப்பினார்.

காலில் ஏழு தையல். ஹஸ்னா கடையநல்லூரில் வீட்டிலேயே படுத்திருந்தாள். உம்மா ஓதி ஊதிய தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தாள். ஆனாலும் மனசு ஒரு விளக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. மெயின் சுவிட்சில் ஏதோ கோளாறு. எங்கோ கரண்ட் மிச்சம் இருந்திருக்கிறது. வண்டி அவளைப் பார்த்திருக்கிறது, படித்ததைச் செய்திருக்கிறது. குரல் ஆவுடையப்பனின் பயம். ஜன்னலை ஏற்றியதாகத் தனக்கே தவறான ஞாபகம். ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தாள். அடுக்கு நின்றது.

செவ்வாய்க்கிழமை பாண்டியராஜன் போன் செய்தார். தூத்துக்குடிக்காரர்கள் வந்தார்களாம். வண்டி ஒரு தப்பும் இல்லாமல் ஓடியதாம். அவர்களுக்கு ரொம்பத் திருப்தி.

"நாளைக்கே ஏத்தி அனுப்புதோம்," என்றார். "நீ நல்லா ரெஸ்ட் எடும்மா."

ஹஸ்னா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அங்கே தூத்துக்குடி யார்டில் எத்தனையோ பேர் நிற்பார்கள். அவர்களும் மஞ்சள் சட்டைதான் போட்டிருப்பார்கள். உடனே கோகிலாவைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். 'சும்மா' என்ற குரலையும் ஜன்னலையும் விட்டுவிட்டு, மற்றதை எல்லாம் சொன்னாள்.

"அந்த வண்டி நாளைக்குக் கிளம்புது கோகிலா. அதுக்குள்ள மருதப்பன் ஓட்டினத எல்லாம் அதுல இருந்து எடுத்துரு. ஒண்ணு விடாம எடுத்துரு."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது.

"கோகிலா?"

"உனக்கு யாரும் சொல்லலையா?" என்றாள் கோகிலா. "பாண்டியராஜன் சாருக்குத் தெரியுமே."

"என்னது?"

"அவர் ஓட்டின ரெக்கார்டுன்னு ஒண்ணு இருந்தாத்தானே எடுக்க? கோடை முழுக்க அங்கிருந்து வந்தது வெறும் கறுப்புப் படம்தான். வண்டியில ஏறினதும் கேமரா ஒயரைப் பிடுங்கிடுவார் போல, இறங்கும்போது மாட்டிடுவார். மூணு மாசமும் அதையேதான் பண்ணியிருக்கார். வேற வழியில்லாம ஓசூர்ல ஒரு டிரைவரை வச்சு முதல்ல இருந்து பண்ணினோம். இப்ப அந்த வண்டி ஓட்டுறது முழுக்க அந்த ஓசூர்க்காரர் ஓட்டினதுதான்."

ஹஸ்னாவின் கை போனை இறுக்கிப் பிடித்தது.

"மருதப்பன் அந்த வண்டிக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலை, ஹஸ்னா. அவர் அதுக்குள்ள இல்லவே இல்லை."